எண்பதில் வரும் நடுக்கம்

இன்று காலை பட்டறையில் ஒரு இரும்புத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தான் மெக்கானிக். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, கதவுக்கு அடியில் செருகும் ஆப்பு மாதிரி இருந்தது. கிரீஸையும் சேற்றையும் துடைத்துப் பார்த்தேன். தடித்த பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சு. நம் மகளுடைய புட்டியிலிருந்து கேட்காமல் எடுத்து நீங்கள் பூசியது. இத்தனை மழைக்கும் அது போகவில்லை. பட்டறை என்றும் பாராமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. "கை கிழிச்சிடுச்சா ஆன்ட்டி?" என்று பதறினான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ஃபோர்வீல் வண்டியை நாலு அங்குலம் தூக்கியது உங்கள் ஆசை. மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் வயிறு தட்டாமல் போகத்தான் என்று ஊருக்குக் காரணம் சொன்னீர்கள். அவ்வளவு உயரத்தில் ஏறி உட்கார்ந்ததும் உங்கள் கை மீசைக்குப் போனதை நான் மட்டும்தான் பார்த்தேன். மூன்று மாதம் ஓட்டியிருப்பீர்கள். அதற்குள் நெஞ்சு வலி வந்து, இனி ஸ்டீரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குலை ஏற்றுகிற வேலையை விடவும் முடியாது. அதுவரை சின்னக் கார் மட்டுமே ஓட்டிய நான் அந்த மலைமேல் ஏறி உட்கார வேண்டியதாயிற்று. சாவியைக் கொடுக்கும்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேகம் எண்பதைத் தாண்டினால் வண்டியின் தரையெல்லாம் நடுங்கியது. கியர் குச்சியைப் பிடித்தால் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. ஒரு தாளில் படம் போட்டு எனக்கு விளக்கினீர்கள். வண்டி உயர்ந்துவிட்டதால் முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டான ஷாஃப்ட் சரிந்து இறங்குகிறது. அச்சில் அது போய்ச் சேரும் மூக்கான பினியனோ பழைய பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவில் உள்ள மூட்டு அதிகமாக மடங்கிச் சுற்றுவதால்தான் நடுக்கம். பினியன் மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும். அதற்குத்தான் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு.

உங்களுக்குக் குனிந்தாலே மூச்சு வாங்கியது. அதனால் வண்டிக்கு அடியில் படுத்தது நான். நீங்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "தடிச்ச பக்கம் பம்பரைப் பாத்து வை புள்ள" என்றீர்கள். பினியன் இருப்பது அச்சுக்குப் பின்னால். பின்பக்கத்தைத் தூக்க வேண்டுமென்றால் தடித்த பக்கமும் பின்னால்தானே இருக்க வேண்டும்? ஆடுகிற மேசைக்கு அட்டை வைக்கத் தெரியாதவளா நான்? மாத்திரை மயக்கத்தில் உளறுகிறீர்கள் என்று நினைத்து, சத்தமில்லாமல் திருப்பி வைத்து முடுக்கிவிட்டேன். ஆப்பு அச்சின் தலைமேல் உட்காருகிறது, தடித்த பக்கத்தைக் கீழேதான் அமுக்கும், முன்பக்கம் அமுங்கினால்தான் பின்னால் மூக்கு எழும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

ஜெராம் சாலையில் அறுபதிலேயே வண்டி உதறியது. மறுநாள் புக்கிட் பெலிம்பிங் தேத்தண்ணிக் கடையில், "நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன் லா, அவ சரியாத்தான் செஞ்சா" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பின்னால் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு நின்றிருந்த என் காதில் அது விழுந்தது. அன்று சாயங்காலமே சிவப்புப் பூசிக் கொடுத்து, "செவப்பு முன்னால. அவ்ளோதான்" என்றீர்கள். வேண்டுமென்றே திருப்பி வைத்தேன் என்பதை நான் கடைசிவரை உங்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

சரியாக வைத்ததும் நடுக்கம் போயே போய்விட்டது. வந்தது வேறு வினை. பினியனைத் தூக்க அச்சைத் திருப்பியதில் முன்சக்கரங்களின் சாய்வும் மாறிவிட்டது. ஸ்டீரிங்கை ஒடித்தால் தானாக நேருக்குத் திரும்பாமல் வண்டி இடமும் வலமுமாக அலைந்தது. சுங்கை செம்பிலாங் போகும் வழியில் எதிரே ஒரு லோரி வர, நான் வண்டியைப் புல்லில் இறக்கி நிறுத்தினேன். "என்னால முடியாதுங்க, வித்துருங்க" என்று அழுதேன். நீங்கள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தீர்கள்.

அடுத்த வாரம் சிவப்பு அழியாமல் ஆப்பைப் பாதியாக ராவிக் கொண்டுவந்தீர்கள். ஸ்டீரிங் நேரானது. எண்பதில் மட்டும் நடுக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது. "இது போவாதா?" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணா கெடைக்காது புள்ள. கைய விட்டா நேரா போவணும், அதுதான் முக்கியம். எம்பதுக்கு மேல நடுங்குனா நீ எம்பதுக்கு மேல போவ மாட்டே. நான் பக்கத்துல உக்காந்து கத்த வேண்டியதில்ல."

கத்தாமலா இருந்தீர்கள்? இரண்டு மழைக்காலம் இடது பக்கம் உட்கார்ந்து, எழுபத்தைந்திலேயே தொண்டையைச் செருமினீர்கள். கலும்பாங் வரை ஓட்டிக் காட்டிய அன்று மட்டும் வழியெல்லாம் தூங்கினீர்கள். என்னை நம்பித்தானே தூங்கினீர்கள்? அதற்கு மேல் ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. போன தீபாவளிக்கு முந்தின வாரம், தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்விட்டீர்கள்.

இன்று மூட்டு தேய்ந்து சத்தம் வந்ததால்தான் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் கெட்டிக்காரன். "இந்த ஆப்பு பழைய ஸ்டைல் லா ஆன்ட்டி. அச்சோட ரெண்டு முனையையும் வெட்டித் திருப்பி வெல்டிங் பண்ணிட்டா ஸ்டீரிங்கும் நேரா வரும், நடுக்கமும் இருக்காது" என்றான். ரெண்டும் ஒன்றாகக் கிடைக்குமாம். ரவாங்கில் இருந்து மகளும் போனில், "செஞ்சிடும்மா, இன்னும் எத்தன நாளைக்கு இந்த ஆட்டம்?" என்றாள். அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. நீங்கள் இருந்திருந்தால் நீங்களே மகிழ்ந்து செய்திருப்பீர்கள்.

சிவப்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே யோசித்தேன். "மூட்டை மட்டும் மாத்துப்பா. ஆப்பு அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"எந்தப் பக்கம் வெச்சிருந்தாங்க ஆன்ட்டி?"

"செவப்பு முன்னால" என்றேன். இந்த முறை குனிந்து, கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்ந்தேன்.

திரும்பும் வழியில் சாலை காலியாக இருந்தது. ஸ்டீரிங்கிலிருந்து கையை ஒரு நொடி எடுத்தேன். வண்டி நேராகப் போனது. அந்தத் தைரியத்தில் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். எண்பதில் தரை மெல்ல நடுங்கத் தொடங்கியது. இடது பக்க இருக்கையைப் பார்க்காமலே, "சரிங்க, மெதுவாத்தான் போறேன்" என்று காலை எடுத்தேன்.