பால் கம்பெனியில் ஆபீஸ் வேலை

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

நியூசிலாந்தில் ஒரு கிராமத்துப் பண்ணையில் அவருக்கும் எனக்கும் மாடு பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. அங்கே மெஷின்தான் கறக்குமாம். இருந்தாலும் மடியைத் தொட்டுப் பழகணும் என்று மாமியாரிடம் கேட்டேன். காலையில் அத்தை என் விரலில் விளக்கெண்ணெய் தடவி, பக்கத்திலேயே உட்கார்ந்து கறக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பால் வாங்க வந்த எதிர்வீட்டு மல்லிகா அக்கா, "அங்க போயி என்ன வேலைம்மா?" என்று கேட்டார்.

"பால் கம்பெனில ஆபீஸ் வேலைக்கா." எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஆமா, ஏசி ரூமாம்" என்றார்கள் அத்தை, என்னைப் பார்க்காமல்.

தினமும் கறந்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு காபி போட வருகிற அத்தை, இன்றைக்குக் குழாயடியில் நின்று சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார்கள். பிறகு சோப்பை என்னிடம் நீட்டினார்கள்.