சட்டைப் பாக்கெட்டில் காற்று

ஆடி 24, சனி

வெயில். தார் உருகி டயரில் ஒட்டுகிறது. காலையில் மாமல்லபுரம் பட்டறையில் மூன்றடிப் பிள்ளையார் ஒன்று, நந்தி இரண்டு ஏற்றினோம். திருக்கழுக்குன்றத்தில் இறக்கம். வழக்கம்போல் மணிக்கு முப்பத்தைந்து கி.மீ. இருபத்தெட்டு வருடமாக லோடு வண்டி ஓட்டுகிறேன். என் வண்டியில் ஏறிய ஒரு சிலைக்கும் மூக்கு உடைந்ததில்லை. ஒரு பஸ்ஸையும் நான் முந்தியதில்லை. வெளியில் சொல்வது வேறு. வெளியில் நான் செங்கல்பட்டுச் சீமையின் சாரதிச் சக்கரவர்த்தி. ஈ.சி.ஆரில் நான் போனால் காற்று பின்னாலிருந்து ஹார்ன் அடித்து வழி கேட்கும்.

மதியம் பவியின் போன். பவித்ரா, அக்கா மகள். ரேஸ் டிராக்கில் வேலை. வசதியுள்ளவர்கள் வந்து பெரிய பெரிய கார்களை அங்கே ஓட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எங்கே பிரேக், எங்கே திருப்பம் என்று சொல்வது அவள் பொறுப்பு. அந்த வேலையில் அவள் ஒருத்திதான் பெண். அடுத்த மாதம் நிரந்தரம் ஆகிறது.

"மாமா, நாளைக்கு புக் பண்ண ஒருத்தர் வரல. ஸ்டாஃப் வீட்டு ஆளுங்கள கூட்டிட்டு வரலாம்னுட்டாங்க. வர்றீங்களா? சின்ன வயசுலேந்து எனக்கு ஸ்பீடு கதை சொன்னது நீங்கதானே."

வருகிறேன் என்றேன், ஏதோ தினமும் போகிற இடம் மாதிரி.

எடுத்துப் போக: லைசென்ஸ். கண்ணாடி. ஷூ (மச்சினன் கல்யாணத்தில் போட்டது, கடிக்கும்). பி.பி. மாத்திரை.

என் மனைவி கோமதி, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிவிட்டு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். "அம்மன் கால்ல வெச்சி வாங்கினது. சட்டப் பாக்கெட்ல வெச்சிக்கோ. கீழ வெக்காத. திரும்பி வூட்டுக்கு வர்ற வரிக்கும் உன் மேலயே இருக்கணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல.


ஆடி 25, ஞாயிறு

மாலை 5 மணி.

இருநூற்று நாற்பதில் பறந்தேன். மைல்கற்கள் மயங்கி விழுந்தன. மூன்றாம் சுற்றில் பிரேக் பிடிக்காமல் ~~வண்டி தானாக~~

அடித்துவிட்டேன். நான் மட்டும் படிக்கிற நோட்டு இது. இதிலுமா?

நடந்தது இது. ஜெர்மன் கார், மஞ்சள். அதில் யாரும் உட்கார முடியாது. கிணற்றில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். அதற்கு முன் பவி ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டினாள். பாக்கெட்டில் இருப்பது எல்லாம் அதில் போட வேண்டும், விதி. போன், சாவி, சில்லறை, சீப்பு. எல்லாம் போட்டேன். எலுமிச்சம்பழத்தைப் போடவில்லை. செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில்தான் அந்தத் தட்டை வைப்பார்கள். அங்கே போய் எப்படி?

"வேற எதுவும் இல்லையே மாமா?"

"இல்லம்மா."

"சட்டப் பாக்கெட்?"

"காத்துதான் கீது."

சிரித்தாள். மாமன் பேச்சு, நம்பிவிட்டாள். பாக்கெட் காலி என்ற படிவத்தில் அவளும் கையெழுத்து, நானும் கையெழுத்து.

முதல் சுற்று மெல்ல. இரண்டாவது கொஞ்சம் கூட. மூன்றாவதில் நேர்ப்பாதை. முதுகை யாரோ சீட்டோடு வைத்துத் தைத்தது மாதிரி. பவியின் குரல் ஹெல்மெட்டுக்குள். சிவப்புப் பலகை வந்தது. "பிரேக்!" என்றாள். மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. அடியில் ஏதோ மெத்தென்று. திருப்பத்தில் திரும்பாமல் நேரே மணலுக்குள். பம்பர் கிழிந்தது. யாருக்கும் அடி இல்லை.

மீட்டரில் கடைசியாகப் பார்த்தது: 118.

பவி கேட்ட முதல் கேள்வி: "மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" அதற்குள் என் கை கீழே போய் நசுங்கிய பழத்தை எடுத்து பேண்ட் பாக்கெட்டில் திணித்துவிட்டது. கர்சீப்பால் பெடலையும் துடைத்தது. இருபத்தெட்டு வருடத்தில் என் கை இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

மேனேஜர் வந்தார். அவளிடம்தான் கேட்டார். "லேட்டா சொன்னியா?"

"பலகைகிட்டயே சொல்லிட்டேன் சார்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த வேகத்துல எனக்கு ஒண்ணும் புரியல சார்," என்றேன்.

வண்டியில் இருக்கிற கேமரா முன்னால் இருக்கிற பாதையை மட்டும்தான் பார்க்குமாம், சத்தம் பதியாதாம்.

திரும்பும்போது நெம்மேலி தாண்டிப் பழத்தைக் கடல் பக்கம் எறிந்தேன். கடல் வரை போகவில்லை. முள்ளில் விழுந்தது.


ஆடி 26, திங்கள்

லோடு இல்லை. டீக்கடை. ஏழுமலையும் இன்னும் நாலு பேரும்.

"அண்ணாத்த, இன்னா ஸ்பீடு போன?"

சொல்லக் கூடாது என்றுதான் போனேன். "இருநூத்தி நாப்பது" என்று வாய் சொல்லிவிட்டது. பிறகு அதுவே பேசிக்கொண்டு போனது. பிரேக் புட்டுக்கொண்டதாம், நான் ஒற்றைக் கையால் காரை மணலுக்குத் திருப்பி இரண்டு உயிரைக் காப்பாற்றினேனாம். கார் கம்பெனிக்காரன் ஜெர்மனியிலிருந்து போன் போட்டு அழுதானாம்.

ஏழுமலை: "யோவ், மாஸ்டர், அண்ணாத்தைக்கு ஒரு ஸ்பெஷல் டீ போடு!"

குடித்தேன். இனித்தது. அதுதான் கேவலம்.

வீட்டுக்கு வந்தால் அக்கா போன். விசாரணை முடிகிற வரை வேலைக்கு வர வேண்டாம் என்று பவியிடம் சொல்லிவிட்டார்களாம்.

வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும். இடது கண்ணாடி.


ஆடி 27, செவ்வாய்

அக்கா வந்தாள், திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில். மாதுளை, சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில். எனக்கு. நோயாளிக்கு வருவதுபோல. பவியையும் இழுத்து வந்திருந்தாள்.

"ஒடம்பு நல்லா கீதாடா? ஒன் உசுரே போயிருக்கும்டா. இவ வாய தொறக்க அவ்ளோ நேரம் ஆச்சாம். ஏண்டி, மாமன் பக்கத்துல குந்திகினு இன்னாத்த பாத்துகினு இருந்த?"

கோமதியும் சேர்ந்துகொண்டாள். "வுடுங்க அண்ணி. கொயந்த. அம்மன்தான் காப்பாத்திச்சி. அந்த எலுமிச்சம்பயம் இருந்துது பாரு, அதான்." பிறகு என் பக்கம்: "ஏன், எங்க அது?"

"கடல்ல வுட்டுட்டேன்."

கோமதி இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பவி கிளம்பும்போது மட்டும் கதவுக்கிட்ட நின்று, "ஸாரி மாமா."

நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். பெரிய மனுஷன் மன்னிக்கிற மாதிரி. இதை எழுதும்போதே காது சுடுகிறது.

சாத்துக்குடி தொடவில்லை. ஹார்லிக்ஸைக் கோமதி கலந்து கொடுத்தாள், அதைக் குடித்துவிட்டேன்.


ஆடி 28, புதன்

மேகம். மழை இல்லை. பிள்ளையார் மறுபடி, இந்தத் தடவை ஐந்தடி. வழியெல்லாம் ஒத்திகை. 'பவி, ஒண்ணு சொல்லணும்.' 'பவி, தப்பா எடுத்துக்காதே.' 'அம்மாடி, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா.' பின்னால் பிள்ளையார் கேட்டுக்கொண்டே வந்தார்.

போன் எடுத்தேன். வைத்தேன். நாலு தடவை.

மணல்லாரிக்காரன் ஒருவன் என் வண்டியை முந்தும்போது, "அண்ணாத்த, இருநூத்தி நாப்பது இன்னா ஆச்சு?" என்று கத்திவிட்டுப் போனான். அவன் யாரென்றே தெரியாது. கதை எனக்கு முன்னால் போய்விட்டது.


ஆடி 29, வியாழன்

சிலை இறக்கிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். பவி மட்டும். மடியில் ஒரு கடிதம்.

"மேனேஜர் அனுப்பினாரு மாமா. லேட்டா சொன்னேன்னு ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா வார்னிங்கோட விட்டுருவாங்களாம்."

"வேல?"

"இருக்கும். கார்ல இல்ல. வரவேற்புல உக்காந்து எல்லாருக்கும் டோக்கன் குடுக்கணும்."

"போடப்போறியா?"

"போடணும். சனிக்கிழமைக்குள்ள."

ஏன் போடவேண்டும் என்று கேட்கவில்லை. காபி வைக்கிறேன் என்றாள். அவசர லோடு என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வண்டி காலி.

ஞாயிற்றுக்கிழமை எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. பழம் மூன்றாம் சுற்றில் விழவில்லை. முதல் சுற்றிலேயே, குனிந்து பெல்ட்டைச் சரிசெய்தபோது விழுந்தது. எனக்குத் தெரியும். காலால் தேடினேன், அகப்படவில்லை. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாக்கெட்டில் காற்று என்றது பொய்யாகிவிடும். அந்த ஒரு வெட்கத்துக்காக அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு சுற்று போனேன்.

பம்பர் என்ன பம்பர். அவள் கழுத்து உடைந்திருக்கும்.


ஆடி 30, வெள்ளி

காலை 9. டிராக் வாசலில் என் லோடு வண்டியை உள்ளே விடவில்லை. வெளியே நிறுத்தி நடந்தேன்.

மேனேஜரிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சார், தாய்மாமன் பாசம் புரியுது. எலுமிச்சம்பழமா? அன்னைக்கு வந்ததும் என்கிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? கல்பாக்கம் பக்கத்துல ரயிலை முந்தினதா சொன்னீங்க. அங்க ரயிலே கிடையாது சார்."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சுமந்துகொண்டு வந்தேன். இறக்கி வைக்க இடம் கொடுக்கவில்லை.

கெஞ்சினேன். மெக்கானிக்கைக் கேளுங்கள் என்றேன். கூப்பிட்டார். மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "ஆமா சார், பெடலுக்குப் பின்னால கொட்டை ரெண்டு ஒட்டிகினு இருந்துது. கால்மிதியும் பிசுபிசுன்னு. எவனோ ஜூஸ் குடிச்சிருப்பான்னு தொடச்சி வுட்டேன்."

மேனேஜர் காகிதம் தந்தார். "எழுதிக் குடுங்க."

எழுதினேன்: 'மாண்புமிகு மேலாளர் சமூகத்துக்கு, காலச்சக்கரத்தின் கொடும் சுழற்சியில்...'

"சார். நடந்தத மட்டும்."

இரண்டாம் காகிதம். அதில்:

'பவித்ரா இரண்டு முறை கேட்டாள். நான் இரண்டு முறையும் பொய் சொன்னேன். பழம் விழுந்தது தெரிந்தும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு ஒளித்தேன். வேகம் 118.'

என் ஆயுளில் எழுதியதிலேயே சின்னது. அதை எழுத முக்கால் மணி நேரம்.

அவளுக்கு அனுப்பிய கடிதத்தை வாபஸ் வாங்குகிறாராம், திங்கட்கிழமை பழைய வேலைக்கே வரலாம். நிரந்தரம் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றார். நான் இனி எந்தக் காலத்திலும் உள்ளே வரக் கூடாது. சரி சார் என்றேன். ஷூ கடித்தது.


ஆடி 31, சனி

கோமதியிடம் சொன்னேன். சாமி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் சோறு போட்டாள். பேச்சு இல்லை. சாம்பாரில் உப்பும் இல்லை. கேட்கவில்லை.

அக்கா போன். "நீ இன்னா மனுஷன்டா?" அவ்வளவுதான். வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

டீக்கடையிலும் சொன்னேன். நூற்றுப் பதினெட்டுதான், தப்பு என்னுடையது என்றேன். ஏழுமலை எல்லோரையும் சுற்றிப் பார்த்தான். "பாத்தியா? பெரிய ஆளுங்க இப்டித்தான். அண்ணாத்தைக்கு இன்னா அடக்கம் பாரு!" மறுபடி ஸ்பெஷல் டீ. சத்தியம் செய்தேன். கை தட்டினார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பவியிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் போன் செய்யவில்லை. எந்த முகத்தோடு?


ஆவணி 2, திங்கள்

காலையில் தூறல். லோடு: தூண் நாலு, கோவளம். ஆயில் இன்னும் மாற்றவில்லை.

இன்று அவள் வேலைக்குப் போயிருப்பாளா என்று பதினோரு மணி வரை யோசித்துக்கொண்டிருந்தேன். தூண் இறக்கும்போது போன். பவி. பின்னால் என்ஜின் சத்தம்.

"மாமா."

"சொல்லும்மா." மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நெசத்த மட்டும் சொல்லுங்க. அந்த வீடியோவ நூறு தடவ பாத்துட்டேன். இன்னும் பத்து நிமிஷத்துல ஒரு கஸ்டமர் கூட உள்ள போகணும். நான் பிரேக்னு சொன்னது லேட்டா?"

தூணைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள், அவள் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட இருந்தது வேலைக்காக என்று நினைத்திருந்தேன்.

"இல்லம்மா. பலகை வந்ததும் சொன்னே. கரெக்டா சொன்னே."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அந்தப் பக்கம் என்ஜின் சத்தம். பிறகு ஹெல்மெட்டின் கொக்கி மாட்டுகிற சத்தம். வைத்துவிட்டாள்.