மொட்டைமாடிச் சுவரும் நான்கு செடிகளும்

ஸப்பார், மால்டா
14 மே 2023

அன்புள்ள நேனு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். உன் முகவரியைக் கப்பலில் வேலை செய்யும் சிக்குவிடம் வாங்கினேன்.

என் வீட்டு மொட்டைமாடியில் நான்கு கஞ்சாச் செடிகள் நிற்கின்றன. நானே நட்டவை. வீட்டுக்கு நான்கு வளர்க்கலாம், வெளியே தெரியக் கூடாது என்று இப்போது சட்டமே வந்துவிட்டது. எல்லாம் என் பெண்டாட்டி விட்டோரினுக்காக. புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. மாத்திரை போட்டால் வாந்தி, போடாவிட்டால் அலறல். மருத்துவமனையில் அவளுக்குப் பக்கத்துப் படுக்கைக்காரி இந்தச் செடியின் எண்ணெயில்தான் தூங்கினாளாம்.

ஒரு வாரமாக இலைகள் மஞ்சளாகின்றன. அதுவும் மேலே புதிதாக வரும் இலைகள். நரம்பு மட்டும் பச்சை. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன், உரம் வைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. யார் கண்ணும் படாமல் இருக்க, மாடியிலேயே கல்லை அறுத்து, சுற்றுச்சுவரை ஐந்து வரிசை உயர்த்தியிருக்கிறேன். அப்படியும் இந்தக் கதி.

"யார்கிட்ட வேணும்னாலும் கேளு, நேனுகிட்ட மட்டும் கேக்காதய்யா" என்கிறாள் விட்டோரின். ஆனால் எனக்குத் தெரிந்து இந்தச் செடியை வளர்த்தவன் நீ ஒருவன்தான். செடிகள் போய்விட்டால் அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

விஸ்டின்

கட்டானியா, சிசிலி
27 மே 2023

மாண்புமிகு சார்ஜெண்ட் விஸ்டின் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரன் முன்னாலேயே பிரித்துப் படித்தேன். காப்பி சட்டையில் கொட்டியது. இரண்டே இரண்டு செடிக்காக என்னை எட்டு மாதம் உள்ளே வைத்தீர்கள். சாட்சிப் பொருள் என்று அவற்றை வேரோடு பிடுங்கி, தெரு முழுக்கப் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனீர்கள். துறைமுக வேலை போனது, ஊரும் போனது. இருபத்து நான்கு வருஷம் கழித்து அதே கையால் நட்டுவிட்டு, இலை ஏன் மஞ்சள் என்று என்னிடமே கேட்கிறீர்கள்.

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த எட்டு மாதமும் என் அம்மாவுக்கு விட்டோரின் முயல் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்காகச் சொல்கிறேன்.

கல்லை மாடியில் வைத்தா அறுத்தீர்கள்? அந்தத் தூள் தொட்டி மண்ணில் இறங்கியிருக்கும். நம் ஊர்க் கல் முழுக்கச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. உரம் கொட்டிப் பயனில்லை. புது மண்ணில் மாற்றி வையுங்கள். குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டு, வீட்டுக் கிணற்றில் சேர்ந்த மழைத்தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு ஊற்றுங்கள். மஞ்சளான இலை தேறுமா என்று பார்க்காதீர்கள், புது இலையைப் பாருங்கள்.

அது சரி, ஐந்து வரிசைக் கல் எதற்கு? தெருவிலிருந்து உங்கள் மாடி தெரியவே தெரியாதே. பயப்பட வேண்டியது வெளியாட்களுக்கு அல்ல. என்னைக் காட்டிக் கொடுத்தவன் கூடப் பிறந்தவன். போன வருஷம் ஸெப்பி அண்ணன் செத்தபோதும் நான் வரவில்லை. அவன் பெட்டிக்கு நான் தோள் கொடுப்பதாவது.

இப்படிக்கு,
இரண்டு செடி நேனு

ஸப்பார்
15 அக்டோபர் 2023

அன்புள்ள நேனு,

நீ சொன்னபடியே செய்தேன். பதினைந்து நாளில் புது இலை பச்சையாக வந்தது. போன வாரம் எண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். விட்டோரின் ஆறு மணி நேரம் தூங்கினாள். மூச்சு இருக்கிறதா என்று நான் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

எழுந்ததும் அழுதாள். "அவன்கிட்ட சொல்லிடுய்யா. சொல்லாம இந்த எண்ணெய என்னால முழுங்க முடியல" என்றாள்.

உன்னைக் காட்டிக் கொடுத்தது ஸெப்பி இல்லை. விட்டோரின்தான். துணி காயப்போட எங்கள் மாடிக்குப் போனவள் உன் செடிகளைப் பார்த்தாள். "நேனு வீட்டு மாடியில தக்காளிக்குப் பின்னால என்னமோ நிக்குது. போய்ப் புடி, இந்தத் தடவையாவது உனக்குப் பதவி உயர்வு வரட்டும்" என்றாள். வந்தது. ஐந்து வரிசைக் கல்லும் அவள் கேட்டதுதான். மாடியிலிருந்து மாடிக்கு என்னென்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

என் பங்கு அதைவிட மோசம். ஸ்டேஷனில் நீ, "எவன் சொன்னான்?" என்று கேட்டாய். அவள் பெயர் வெளியே வரக் கூடாதே என்று, "உங்க வீட்டுக்குள்ளயே கேட்டுப் பாரு" என்றேன். அந்த வீட்டில் உன் அம்மாவையும் ஸெப்பியையும் தவிர யார் இருந்தார்கள்? நாலு நாள் பேசாமல் இருப்பீர்கள், பிறகு சரியாகிவிடும் என்று நினைத்தேன். அண்ணன் சாவுக்குக்கூட நீ வராதது இதனால்தான் என்று உன் கடிதத்தில் படித்து அதிர்ந்து போனேன்.

ஜூனிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். உண்மையைச் சொல்கிறேன், செடிக்கு மறுபடி ஏதாவது வந்தால் உன்னிடம் கேட்க முடியாமல் போய்விடுமே என்றும் இருந்தது.

விஸ்டின்

கட்டானியா
24 அக்டோபர் 2023

விஸ்டின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் வைத்தது கருகி, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன். நீ என்னைப் பிடித்துக்கொண்டு போன நாளில்கூட எனக்கு இப்படி ஆகவில்லை. அந்த முயல் குழம்பை அம்மா உன் பெண்டாட்டியை வாழ்த்திக்கொண்டேதான் சாப்பிட்டாள்.

சாவதற்கு முந்தின மாதம் அண்ணன் எனக்குப் போன் செய்தான். "நேனு, நான் சொல்லலடா. அம்மா மேல சத்தியம்" என்றான். தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தான். நான் எடுக்கவில்லை. அவன் குரலைக் கடைசியாகக் கேட்டது அதுதான்.

விட்டோரினிடம் எண்ணெயை நிறுத்தச் சொல்லாதே. அவள் வலியில் கிடப்பதால் எனக்கு எதுவும் திரும்பி வரப் போவதில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு அல்ல, ஸெப்பியின் கல்லறைக்கு. நீயும் வா, அவளையும் அழைத்துக்கொண்டு வா. நடக்க முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு வா. என்னிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை இருவரும் அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அதன் பிறகு நான் அவனிடம் பேசிக்கொள்கிறேன். எனக்கு நேரம் அதிகம் ஆகும்.

ஸெப்பியின் தம்பி,
நேனு