உன்னைக் கேட்டு வரும் போன்

மாமோவ்,

இன்றைக்கு மத்தியானம் உன் போன் மறுபடியும் அடித்தது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைப் போடாமல் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போதே தெரியும், ஏமாற்றுகிற திருட்டுப் பயல்தான் என்று. உன் போனுக்கு வேறு யார் பேசப்போகிறார்கள்? இருந்தாலும் ஓடினேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் உன் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது பாக்கெட்டில் இருந்த போன் இது. சித்தூருக்கு உன்னோடு ஆம்புலன்ஸில் வரும்போதே இதை மடியில் கட்டிக்கொண்டேன். அன்று முதல் சார்ஜ் இறங்க விட்டதில்லை.

மாம்பழக்கூழ் பாக்டரியில் பீப்பாய் உருட்டி உருட்டி இடுப்பு போய், நீ வீட்டோடு உட்கார்ந்த வருஷம்தான் இந்தப் போன்கள் வர ஆரம்பித்தன. பேங்கிலிருந்து பேசுகிறேன், உன் ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆகிவிட்டது, கார்டு நம்பரைச் சொல்லு என்பான். மற்றவர்கள் பயந்துபோய்ச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வைதுவிட்டு வைப்பார்கள். நீ மட்டும் சம்பந்தி வீட்டார் வந்ததுபோல் பேசுவாய். "கண்ணாடிய எங்கியோ வெச்சிட்டேன்பா, தேடிக்கினு வரேன், லைன்லயே இரு." போனைத் தலையணைமேல் வைத்துவிட்டு நிதானமாக டீ குடிப்பாய். திரும்பி வந்து, எப்போதோ மலைக்குப் போன தரிசன டோக்கனில் இருக்கும் நம்பரைக் கார்டு நம்பர் என்று படிப்பாய். பாதியில் நிறுத்தி, "ஆமா, நீ துன்னியா?" என்று கேட்பாய். அவன் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாய். அவன் தெலுங்குக்கு வந்தால் நீ தமிழுக்கு வந்துவிடுவாய்.

மூலை வீட்டு சரோஜா, மகன் குவைத்திலிருந்து அனுப்பியதையெல்லாம் இப்படி ஒரே போனில் தொலைத்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் நீ இதை ஒரு உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டாய். எதுக்கு மாமா இந்த வேலை என்று நான் கேட்டேன். "நம்மகிட்ட மாட்டிக்கினு இருக்கிற வரைக்கும் அவன் இன்னொருத்தி வூட்ல கை வெக்க மாட்டான் இல்ல" என்றாய்.

ஒருநாள் சிரிப்பை அடக்க முடியாமல் போனை என்னிடம் தள்ளிவிட்டாய். கார்டில் யார் பேர் இருக்கிறது என்று அவன் கேட்டான். என் வீட்டுக்காரர் பேர் என்றேன். அந்தப் பேரைத்தான் கேட்கிறேன் என்றான். கட்டினவர் பேரை நம் பக்கத்துப் பெண்கள் வாயால் சொல்ல மாட்டோம், சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? நானும் உதவி செய்யத்தான் பார்த்தேன்.

"திருப்பதி போயிருக்கியா தம்பி? பஸ்ல போவும்போதே ஜன்னல்ல தெரியுமே, மேல சாமி நிக்கிறாரே, அதான்."

"கோவிந்தனா?"

"அது சாமி பேரு. நான் கீழ இருக்கிறத சொல்றேன்."

"அலிபிரியா?"

நான் மலையைக் காட்டினால் அவன் மலையடிவாரத்து இடத்தைச் சொல்கிறான். நீ துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து குலுங்கினாய். தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் நம் வம்சத்தையே திட்டிவிட்டு அவன் வைத்தான். அன்று முழுக்க என்னை 'அலிபிரி பொண்டாட்டி' என்றுதான் கூப்பிட்டாய்.

இப்போது எல்லா இடத்திலும் உன் பேரை எடுத்துவிட்டார்கள் மாமா. ரேஷன் கார்டில் எடுத்தாகிவிட்டது. தெருவில் யாரும் உன் பேச்சை எடுப்பதில்லை, நான் அழுதுவிடுவேன் என்று பயம். திருடன் ஒருத்தன்தான் இன்னும் "சார் இருக்காரா" என்று கேட்கிறான். "குளிச்சிக்கினு இருக்காரு, இதோ வந்துடுவாரு, லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு நானும் பின்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அவன் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். சொம்பு தட்டும் சத்தம்கூடக் கேட்கிறது. அவன் வைத்துவிட்டால் நீ இல்லை.

சத்தியவேடு பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிருக்கும் நம் மகள், போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது இதைக் கேட்டுவிட்டாள். என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். "நைனா போனு வாணாம்மா. நீ ஏமாந்து சொல்ல மாட்ட. அவன் போனை வெச்சிடக் கூடாதுன்னே ஒருநாள் எல்லாத்தையும் சொல்லிடுவ." அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. வருகிற ஞாயிறு வந்து இந்த நம்பரையே மூடிவிடப் போகிறாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

அதனால்தான் இன்றைக்கு அப்படி ஓடினேன். அவன் உன்னைக் கேட்டான். குளிக்கிறார் என்றேன். காத்திருந்தான். வேட்டி மாற்றுகிறார் என்றேன். சாமி கும்பிடுகிறார் என்றேன். அவனுக்குச் சலித்துவிட்டது, வைக்கிறேன் என்றான். "வெக்காத தம்பி, இன்னா வேணுமோ கேளு, சொல்றேன்" என்று கெஞ்சினேன். நானா அப்படிக் கெஞ்சினேன்? அவன் கார்டில் இருக்கும் பேரைக் கேட்டான்.

சொல்லிவிட்டேன் மாமா. உன்னோடு வாழ்ந்த காலமெல்லாம் சொல்லாத பேரை ஒரு திருடனிடம் முழுசாகச் சொல்லிவிட்டேன். குறைவதற்கு இனி ஆயுசு எங்கே இருக்கிறது? எவ்வளவு நல்ல பேர் அது. வாய் நிறைந்துபோனது. அடுத்து நம்பரைக் கேட்டான். என் வாயில் நம்பர் வரவில்லை, உன் பேர்தான் மறுபடியும் வந்தது. திரும்பக் கேட்டான், திரும்பவும் அதையே சொன்னேன். இந்தக் காகிதத்தில் எழுதத்தான் கை வரவில்லை, நாக்கில் இருக்கிறது. இனி அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

அவனுக்கு என்ன தோன்றியதோ, நம்பர் கேட்பதை விட்டுவிட்டான். பிறகு குரலை இறக்கி, "ஆயன எப்புடு வஸ்தாரம்மா?" என்றான். எப்போது வருவார் என்று.

நான் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவன் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் இன்னொரு தடவை கூப்பிடுவான். குளிக்கிறார் என்று சொல்ல இனி எனக்குத் தெம்பில்லை. நீ எப்போது வருவாய் என்று சொல்லட்டும் மாமா?