ரெண்டு தரத்தில் நிற்கும் அரிசி மூட்டை

சேசு மரி சூசை துணை

மூவார்
19-9-1943, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கேப்ரியலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்துல இங்க நாங்க நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கோம், நாலு பேரும்னு எழுதினதை நல்லா ரெண்டு தடவை படிச்சுக்கோ, உங்கப்பாவையும் சேர்த்துத்தான் சொல்றேன். நீயும் அங்க தைப்பிங்குல வேளைக்கு ஏதோ சாப்பிட்டு காய்ச்சல் கீய்ச்சல் இல்லாம இருக்கிறதாக் கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். வருசத்தை ஜப்பான்காரன் கணக்குல 2603-ன்னு போடணுமாம், ஆபீசுல போட்டுக்கட்டும், என் பிள்ளைக்கு எழுதற கடுதாசியில நான் 1943-ன்னுதான் போடுவேன். இது தபால்ல வரல, நம்ம அர்ச்சுனன், அதான் செகாமட் ஸ்டேசன்ல சரக்கு ஏத்திக்கிட்டு ரயிலோடயே போய் வர்ற அர்ச்சுனன், இடுப்புல மடிச்சு வெச்சுக் கொண்டு வர்றான், அவனை உட்கார வெச்சு ஒரு வாய் சுடுதண்ணியாவது கொடுத்துட்டு அப்புறம் படி. தாளுக்குப் பஞ்சம், உன் பெரிய தங்கச்சி கெர்ட்ரூடோட பழைய பூகோளப் புஸ்தகத்துல கடைசிப் பக்கங்களைக் கிழிச்சு எழுதறேன், எழுத்து நுணுக்கமா இருக்கும், கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் படி.

அப்பாவைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டு அடுத்த ரயில்ல வர்றேன்னு நேத்து வந்த அர்ச்சுனன்கிட்ட சொல்லிவிட்டிருக்கே. வராதே. காரணத்தை அப்புறம் சொல்றேன், முதல்ல இதை மண்டையில ஏத்திக்கோ, வராதே. ஆஸ்பத்திரியில டிரெஸ்ஸர் வேலை பார்க்கறவன்னு உன் கையில ஒரு சீட்டு இருக்கில்ல, அது இருக்கிற வரைக்கும், நீ அந்த ஆஸ்பத்திரியில இருக்கிற வரைக்கும் உன்னை யாரும் தொடமாட்டாங்க. வேலையை விட்டுட்டுக் கிளம்பினா அது வெறும் தாள். வழியில ஸ்டேசன் ஸ்டேசனா வயசுப் பையனுங்களை இறக்கி சயாமுக்கு ரயில் ரோடு போட அனுப்பறாங்க, பத்து பகாட் ஊர்ல அய்யாவு மவன் சந்தைக்குப் போறேன்னு போனவன், நாலு மாசமாச்சு, அவனைப் பெத்த அங்கம்மா இன்னும் வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அந்த வேலையை எனக்குக் கொடுக்காதே ராசா, நான் செய்யமாட்டேன்.

இனிமே நடந்ததைச் சொல்றேன், நீயா எதையாவது கற்பனை பண்ணிக்கிட்டுக் கிடக்காதே. எல்லாத்துக்கும் காரணம் நம்ம ஏலப் பலகை. அப்பா வேலை பார்க்கற மேசை நாற்காலிப் பட்டறையில மிஞ்சின பலகையில கட்டம் கீறினாரே, நீ சிகரெட்டு டப்பா அட்டையை வெட்டி முத்து முத்தாச் சாமான் பேரெல்லாம் எழுதிக் கொடுத்தியே, அதேதான். நீ இருந்தப்ப அது ஞாயித்துக்கிழமை விளையாட்டு. இப்ப தினமும் சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு வேகற வரைக்கும் விளையாடறோம், பிள்ளைங்களுக்குப் பசி தெரியக்கூடாதே. ஆட்டம் பழைய ஆட்டந்தான், ஆளுக்கு நாப்பது ரப்பர் கொட்டை, காய் எந்தக் கட்டத்துல நிக்குதோ அந்தச் சாமான் ஏலத்துக்கு வரும், அரிசி எண்ணெய் துணி விளக்கு சைக்கிள் அஞ்சையும் முதல்ல எடுத்தவங்களுக்கு வீடு நிறைஞ்சுது, ஜெயிச்சாச்சு. உன் பங்கு நாப்பது கொட்டையும் அதே மில்க் டப்பாவுல தனியா இருக்கு, யாரும் தொடறதில்ல. அப்பா கோயில் திருநாள்ல நேர்ச்சைக் கோழியை ஏலம் விடற அதே குரல்ல ஒரு தரம், ரெண்டு தரம்னு இழுப்பார். சின்னவ ஐலீனுக்கு நீ போறப்ப அஞ்சு வயசு, இப்ப எட்டு, முன்பல்லு ரெண்டும் விழுந்து கிடக்கு, ஆனா வாய் மட்டும் காது வரைக்கும். அவ விளையாட்டுல தன்னை தவுக்கேன்னுதான் கூப்பிடணும், பெரிய சீனக் கடைக்காரர் கணக்கா. கோயில் ஏலத்துல பெரிய மனுசங்க ஒரு எலுமிச்சம்பழத்தைப் பத்து மடங்கு கேட்டு எடுத்து, வீட்டுல யாராவது பேரைச் சொல்லி மறுபடியும் ஏலத்துக்கே விடுவாங்க பாரு, ஏலம்னா அவளுக்கு அது ஒண்ணுதான் தெரியும். இருக்கற கொட்டையெல்லாம் கொட்டி அரிசியை எடுப்பா, எடுத்த கையோட எழுந்து நின்னு அந்தோனியார் பேர்லயோ பக்கத்து வீட்டுப் பூனை பேர்லயோ திருப்பி விட்டிருவா. இப்படி ஆடினா எந்தக் காலத்துலடீ ஜெயிப்பேன்னு கெர்ட்ரூட் தலையில அடிச்சுக்குவா. அவளுக்கு ஜெயிக்கறதைப் பத்திக் கவலையே இல்ல, எழுந்து நின்னு பேர் சொல்றதுலதான் குசி.

கிழங்கு வெந்ததும் ஆட்டத்தை நிறுத்திடறோமா, மறுநாள் யாரு எதை எடுத்தாங்கன்னு அக்காளும் தங்கச்சியும் அடிச்சுக்கும். இந்தக் கூத்து எதுக்கு, ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கோங்கடீன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பாழாப்போன புத்தி என்னுதுதான் கேப்ரியல், உங்கப்பா ஒரு வார்த்தை என்னைக் குத்திக் காட்டல, ஆனா என்னால மறக்க முடியல. ஒம்பதாந்தேதி வியாழக்கிழமை காலையில ஒளிச்சு வெச்ச அரிசியைத் தேடறோம்னு போலீஸ்காரங்க மூணு பேர் வந்தாங்க, அதுல ஒருத்தனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். யாரோ சொல்லிவிட்டிருக்கான், யாருன்னு எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். வீட்டைப் புரட்டிப் போட்டும் ஒரு பொட்டு அரிசி இல்ல, இருந்தாத்தானே. கடைசீல ரொட்டி டின்னுக்கு அடியில அந்த நோட்டு. அரிசி ரெண்டு மூட்டை, தவுக்கே, நாப்பது. மண்ணெண்ணெய் ஒரு டின், அம்மா, இருபத்தொண்ணு. சைக்கிள், கெர்ட்ரூட், முப்பது. பக்கம் பக்கமா இப்படித்தான், கொட்டைன்னு ஒரு இடத்துல கூட எழுதலை இந்தப் பொண்ணு. நீயே சொல்லு, பார்க்கறவன் கள்ள வியாபாரக் கணக்குன்னுதானே நினைப்பான். பட்டறையில இருந்த அப்பாவை அப்படியே கூட்டிட்டுப் போயிட்டாங்க, பலகை மூலையில கிடந்ததை ஒருத்தனும் சட்டை பண்ணல, ஆனா அட்டையெல்லாம் சரக்குச் சீட்டுன்னு நினைச்சு அள்ளிட்டுப் போனாங்க.

லாக்கப்புல ரெண்டே கேள்வியாம். யாரு அந்தத் தவுக்கே, எங்க அவன் கிடங்கு. அட்டையில இருக்கற கையெழுத்து யாரோடது. அப்பா முதல் கேள்விக்கு அது என் சின்ன மகள்னு சொன்னார், கன்னத்துல ஒண்ணு விட்டாங்க. ரெண்டாவதுக்கு நான்தான் எழுதினேன்னார். எழுதிக் காட்டுன்னு பென்சிலைக் கொடுத்தாங்களாம், உங்கப்பா எழுத்துதான் உனக்குத் தெரியுமே, கோழி கிண்டின மாதிரி. அதுக்கும் வாங்கினார். ஆனா உன் பேரு அவர் வாயிலேர்ந்து வரல, மூணு நாளும் வரல. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் என்கிட்டயே இதைச் சொன்னார், அதுவும் நான் கேட்டு கேட்டு.

இங்க கம்பத்துல அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாரும் பலகையை அடுப்புல வெச்சிருன்னாங்க. கெர்ட்ரூட் கூட அழுதுக்கிட்டு அதையேதான் சொன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. நோட்டு அவங்க கையில, அட்டை அவங்க கையில, விளையாட்டுன்னு சொல்ல என்கிட்ட இருக்கறது இந்த ஒரு பலகைதான், இதையும் எரிச்சுட்டு நான் எந்த மூஞ்சியோட போய் நிப்பேன். சனிக்கிழமை காலையில செபமாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு, பலகையைத் தலையில வெச்சுக்கிட்டு, கொட்டை டப்பாவெல்லாம் கெர்ட்ரூட் கையில, சின்னவளை இன்னொரு கையில பிடிச்சுக்கிட்டு போலீஸ் ஸ்டேசனுக்கு நடந்தேன். வாசல்லயே சாம்பசிவம், முன்னாடி சர்க்கார் கச்சேரியில கிளார்க்கா இருந்தாரே அந்த யாழ்ப்பாணத்து ஆளு, இப்ப ஜப்பான் பாசை படிச்சுட்டு அங்க மொழிபெயர்க்கிறார், அவர்தான் பார்த்தார். பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு இஞ்ச வரலாமோ, உடனே வீட்ட போங்கோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னார். போகமாட்டேன்னேன். வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் நின்னேன். அவர் மூணு தடவை வந்து விரட்டினார், மூணு தடவையும் நான் அதே இடத்துலதான் நின்னேன், கடைசீல அவரே உள்ள போய்ச் சொல்லியிருக்கார்.

ஒரு ஆபீசர் வந்தான், சின்ன வயசுதான். தவுக்கே எங்கேன்னு கேட்டதா சாம்பசிவம் சொன்னார். ஐலீனைப் பிடிச்சு முன்னாடி தள்ளினேன். இவ சிரிச்சா, முன்பல்லு விழுந்த ஓட்டை தெரிய. அவன் சிரிக்கல, நாங்க சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கோம்னு நினைச்சான். விளையாட்டுன்னா இங்கயே விளையாடுங்கன்னான். அப்பாவைக் கூட்டி வந்தாங்க, அலமாக், அந்த மூஞ்சியை நீ பார்க்கணுமே, ஒரு கண்ணு வீங்கி மூடியே போயிருந்துச்சு. அழாதேங்கறாப்ல என்னைப் பார்த்து முறைச்சார். சிமெண்டுத் தரையில பலகையை விரிச்சு, அவங்க எடுத்துட்டுப் போன அட்டைங்களையே வெச்சு ஆடினோம். முதல் சாமானை அப்பா முனகிக்கிட்டேதான் ஏலம் விட்டார். மூணாவதுக்குள்ள திருநாள் குரல் வந்துருச்சு. கெர்ட்ரூடும் நானும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு விளக்குக்கு அஞ்சு கொட்டை பத்துக் கொட்டைன்னு கேட்கிறோம், இவளுக்கு எந்த இடத்துல இருக்கோம்னே ஞாபகமில்ல. அரிசி வந்துச்சு. நாப்பதுன்னா. நாப்பதையும் கொட்டினா. கொட்டிட்டு எழுந்து நின்னு, தைப்பிங்குல இருக்கிற எங்க அண்ணன் கேப்ரியல் பேர்ல இதைத் திரும்ப ஏலத்துக்கு விடறேன்னு ஸ்டேசனே கேட்கறாப்ல கத்தினா.

எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு. மூணு நாள் அடி வாங்கியும் அப்பா சொல்லாத பேரை, ஊரோட சேர்த்து இந்தக் குட்டி சொல்லிருச்சு. அப்பா ஒரு நொடி கூட நிறுத்தல, அரிசி ரெண்டு மூட்டை, ஒரு தரம், ரெண்டு தரம்னு மேல போயிட்டார். அதுக்குள்ள ஆபீசர் கையைத் தூக்கினான், அவ என்ன சொன்னான்னு கேட்டிருப்பான். சாம்பசிவம் ஜப்பான் பாசையில பேச ஆரம்பிச்சார். எனக்கு அந்தப் பாசை ஒரு எழுத்துத் தெரியாது, ஆனா கேப்ரியல்ங்கறதும் தைப்பிங்ங்கறதும் எந்தப் பாசையில சொன்னாலும் அதேதானே. காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். ரெண்டும் அவர் வாயிலேர்ந்து வரல. அப்புறம் என் பக்கம் திரும்பி, எடுத்த சாமானை ஏன் திருப்பிக் கொடுக்கிறாள் எண்டு ஐயா கேக்கிறார்னு சொன்னார். கோயில் வழக்கத்தைச் சொன்னேன், எடுத்ததைத் திருப்பி விடறதுதான் எங்களுக்கு மரியாதைன்னேன். கள்ள வியாபாரம் பண்றவன் எவனாவது எடுத்த அரிசியைத் திருப்பி விடுவானான்னும் கேட்டேன், எங்கேர்ந்து அந்தத் தைரியம் வந்துச்சோ. அவர் அதைச் சொன்னாரோ இல்லையோ தெரியாது. ஆபீசர் ஐலீன் பக்கத்துல குனிஞ்சான். உன் பங்கு டப்பாவுலேர்ந்து ஒரு கொட்டையை எடுத்து விரல்ல உருட்டிக்கிட்டே என்னமோ சொன்னான். நோட்டு அங்கயே இருக்கும், அட்டையை எடுத்துக்கலாம், இனிமே எதையும் எழுதி வைக்கக்கூடாது, போகலாம்னு சாம்பசிவம் சொன்னார். எங்களை வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டு, மூத்தவனை இந்தப் பக்கம் வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோன்னு மெதுவாச் சொன்னார், என் முகத்தைக் கூடப் பார்க்கல. நல்ல மனுசன், அவருக்காகத் தினமும் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்றேன், நீயும் சொல்லு.

இப்பப் புரியுதா ஏன் வராதேங்கறேன்னு. அட்டையில எழுதின கை யாரோடதுன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது. கொஞ்ச காலத்துக்குக் கடுதாசியும் போடாதே, எதுவா இருந்தாலும் அர்ச்சுனன்கிட்ட வாயால சொல்லிவிடு. அப்பாவுக்குக் கண்ணு திறந்துருச்சு, திங்கக்கிழமையே பட்டறைக்குப் போயிட்டார், படுத்திருங்கன்னா கேட்டாத்தானே. காலையில வெறும் வயித்தோட வேலைக்குப் போகாதே, ஒரு துண்டு கிழங்காவது மென்னுட்டுப் போ. தண்ணியைக் காய்ச்சிக் குடி, ஆஸ்பத்திரிக்காரன் உனக்கு நான் சொல்லணும்.

பலகையை நான் எரிக்கல, எரிக்கவும் மாட்டேன். அப்பா வீட்டுக்கு வந்த அன்னைக்குச் சாயங்காலமே விரிச்சோம். அந்த அரிசி அட்டை இருந்த இடத்துலயே இருக்கு, அன்னைக்கு ஆபீசர் கையைத் தூக்கினப்ப ரெண்டு தரத்துல நின்ன ஏலம் இன்னும் ரெண்டு தரத்துலயே நிக்குது. அப்பா மூணாவது தரம் சொல்ல வாயைத் திறந்தா ஐலீன் ஓடிப்போய்ப் பொத்திடறா, அண்ணன் பேர்ல விட்டது, அண்ணன் வந்து கேட்கட்டுங்கறா. கெர்ட்ரூடும் அவ பக்கம் சேர்ந்துட்டா. நானும்தான். இந்தச் சனியன் பிடிச்ச யுத்தம் ஒரு வருசம் போகட்டும், அஞ்சு வருசம் போகட்டும், அந்த அரிசியை வேற யாருக்கும் விடறதா இல்ல. அதனாலதான் சொல்றேன், நீ உயிரோட இருக்கணும், இருந்த இடத்துல இருக்கணும். வரலாம்னு நான் சொல்லி அனுப்பறப்ப வா.

மாதா உன்னைத் தன் முந்தானையில மூடிக் காப்பாத்தட்டும், உன் காவல் சம்மனசு ராவும் பகலும் உன் பக்கத்துலயே நிக்கட்டும். உன் நெத்தியில சிலுவை போட்டு முத்தம் கொடுக்கறேன். படிச்சு முடிச்சதும் இந்தக் கடுதாசியை அடுப்புல போட்டுரு, ஆசையா இருக்குன்னு மடிச்சு வெச்சுக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. செசிலியா

அர்ச்சுனன் கையில ஒரு சின்ன முடிச்சு இருக்கும், அதை எரிச்சிராதே. உன் பங்கு ரப்பர் கொட்டை, தவுக்கேதான் கட்டிக் கொடுத்தா. எண்ணிப் பார்த்தா முப்பத்தொம்பது இருக்கும், ஒண்ணு அந்த ஆபீசர் கையோட போயிருச்சு. மிச்சத்தைத் தொலைக்காம வெச்சிரு, அரிசி கேட்க வர்றப்ப நீயே கொண்டு வரணும்.