கட்டிலுக்கு அடியில் மஞ்சள் கோடு

மே 6, செவ்வாய்

கோல், வில்மா என்ற வயதான தம்பதியின் கேரவன், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டுவண்டி, அதன் வேலை இன்று முடிந்தது. பழைய பேட்டரிகளைக் கழற்றிப் போட்டாயிற்று. கட்டிலுக்கு அடியில் புது லித்தியம் பேட்டரி, பக்கத்தில் பெரிய இன்வெர்ட்டர், கார் ஓடும்போதே சார்ஜ் ஏற முன்னால் காரிலிருந்து தடித்த வயர். வில்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு மிஷின் வேண்டும். இனி கரண்ட் இல்லாத இடத்திலும் வண்டியை நிறுத்தித் தூங்கலாம்.

என் புருஷன் டார்சி கூரைமேல் சோலார் தகடு மாட்டினான். நான் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்து பேட்டரி நட்டுகளை முறுக்கினேன். அது எப்போதும் என் வேலை. அவன் கை அந்தச் சந்துக்குள் நுழையாது. அடிலெய்டில் மூன்று வருடம் வரலாறு படித்தது இந்த மெலிந்த கைக்குத்தான் போலிருக்கிறது. இறுக்கம் போதும் என்றால் ஸ்பேனர் 'டக்' என்று சொல்லும். டக் கேட்டதும் நட்டின் தலையிலிருந்து அடித்தகடு வரை மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. எங்கள் பட்டறையில் கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். வேறு கேள்வி கிடையாது.

நடுவில் குழந்தை மார்னி எழுந்து அலறினாள். ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தால் டார்சி கட்டிலை இறக்கி மூடிவிட்டிருந்தான். வில்மா விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார். சரி, ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சோதனைக்குக் கெட்டில் போட்டோம். கொதித்தது. கோல் கை தட்டினார். "பாத்தியா வில்மா, கரண்டு கம்பமே இல்லாத காட்டுல உனக்கு டீ!"

"இத்தன வருஷத்துல நீ போட்டுக் குடுத்த டீய நான் பாத்ததில்ல. இனிமேதான் பாக்கப்போறேனாக்கும்."

மே 7, புதன்

காலையில் எங்கள் செடூனாவிலிருந்து கிளம்பிவிட்டார்கள். மரமே இல்லாத நல்லர்பார் வெளியைக் கடந்து பெர்த், மகள் வீடு. "எங்களுக்கு என்ன அவசரம், கடல் தெரியற எடமெல்லாம் நிப்போம்" என்றார் கோல். வில்மா மார்னிக்குப் பின்னிய நீலத் தொப்பி ஒன்றைக் கொடுத்தார். காது மறைகிறது, அழகாக இருக்கிறாள். வண்டி திரும்பும்போது பின்பக்கத்தில் பெரிய எழுத்து: கோல் & வில்மா — சேனல் 18. எல்லாக் கேரவன்காரர்களையும் போலத்தான். வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

ஏனோ சாலைமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

மே 8, வியாழன்

நர்ஸ் லோர்னா வந்திருந்தார். மார்னியின் எடை நன்றாக ஏறியிருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு என்னைப் பிடித்திருக்கும் பயத்துக்குப் பழைய பாடம்தான்: "பயம் வந்தா எழுது. எழுதிட்டு நோட்ட மூடு. திரும்பப் போய்ப் பாக்காத. நீ பாக்கப் பாக்க அது வளரும்."

ஆகவே எழுதுகிறேன். கேஸ் அணைத்தேனா — அணைத்தேன். பின்கேட் — போய்ப் பார்க்கவில்லை. மார்னி மூச்சு விடுகிறாளா — ஒரு தடவைதான் போனேன்.

கடைசி நட்டு.

மூடுகிறேன்.

மே 9, வெள்ளி

மூட முடியவில்லை.

நான்கு நட்டு. நான்கு கோடு. நான்கு கோடும் கண்ணில் நிற்கிறது. டக் மட்டும் மூன்றுதான் காதில் இருக்கிறது. பேனாமுனை காய்ந்து வந்தது, அதனால் கோட்டை எல்லாம் முடிந்தபின் ஒரே மூச்சில் போடலாம் என்று வைத்திருந்தேன். மூன்றை முறுக்கி, நான்காவதைக் கையால் சுற்றி விட்டு ஸ்பேனரை எடுக்கும்போது மார்னி அலறினாள். அந்த அலறல் — மூச்சு நின்று நின்று வருமே, அது. மடமடவென்று நான்கிலும் கோட்டை இழுத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து முறுக்கலாம் என்று.

அப்படித்தான் நடந்ததா? இல்லை, முறுக்கிவிட்டுத்தான் ஓடினேனா? கல்வெட்டு இருக்கிறது என்பதற்காகச் சம்பவம் நடந்ததாகாது என்று எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன்.

ஒன்று நிச்சயம். கட்டில் மூடியிருப்பதைப் பார்த்தபோது திறக்கச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. விரித்த விரிப்பை எடுக்கச் சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். கூச்சம்! இரண்டு பேர் அதன்மேல் படுத்திருக்கிறார்கள்.

கெட்டில் போடும்போதெல்லாம் அந்த நட்டு வழியாக எவ்வளவு கரண்ட் பாயும் என்று எனக்குத் தெரியும். தளர்ந்த இடத்தில் அது சூடாகும். மேடுபள்ளத்தில் வண்டி ஆட ஆட இன்னும் தளரும். மேலே மெத்தை.

மே 10, சனி

டார்சியிடம் சொன்னேன். ஃபுட்பால் ஆட்டம் முடிந்து நல்ல மனநிலையில் வந்தான், கெடுத்தேன்.

"நாலு கோடு இருந்துச்சு ஹெட். நானே பாத்துட்டுத்தான் மூடினேன்."

"கோடு போட்டவ நான்தான்."

"அப்ப முறுக்கியிருப்ப. முறுக்காம யாரு கோடு போடுவா?"

அவன் என் தலையைத் தடவினான். கோபப்பட்டிருந்தால் தேவலை. "நேத்து கேஸு. அதுக்கு முந்தி பின்கேட்டு. இன்னிக்கு இதா? லோர்னா என்ன சொன்னாங்க?"

கோல், வில்மா இரண்டு பேரின் செல்லுக்கும் அடித்துப் பார்த்தேன். அந்த வெளியில் எங்கே சிக்னல்? ரேடியோவில் சொல்லி அனுப்பலாம் என்றேன். அவன் முகம் மாறியது. "ரேடியோவுலயா? அத இந்த ரோடே கேக்கும். செடூனா டார்சி வேல சரியில்லன்னு ஒரு தடவ காதுல விழுந்தா எவன் வருவான்? உனக்கே நிச்சயமில்லாத ஒண்ணுக்காக?"

நிச்சயமில்லைதான். என் தலைக்குள் இருக்கும் நூறு பயங்களில் இது மட்டும் எப்படி நிஜம்? எப்படிக் கண்டுபிடிப்பது? மற்ற பயங்கள் கத்தும். இது கத்தவில்லை. உட்கார்ந்திருக்கிறது.

மே 11, ஞாயிறு

இன்று அன்னையர் தினம். டார்சி மார்னியை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு ரொட்டி சுட்டு உப்புக் கரிக்கும் வெஜிமைட் தடவினான், கெட்டில் போட்டான். தண்ணீர் கொதித்து, கெட்டில் தானாக அணைந்தது. டக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். செவ்வாயன்று அது நான்காவது தடவை கேட்கவேயில்லை.

நர்ஸ் சொன்னதை மீறினேன். வெளிக்கு நடுவில் இருக்கும் பெட்ரோல் பங்க்குக்கு ஃபோன் போட்டேன்.

"ஷெரில் பேசறேன். சாப்பாடு தீந்துபோச்சு, ரூமும் இல்ல. வேற என்ன வேணும்?"

கேரவனைப் பற்றிச் சொன்னேன். நேற்றுக் காலை பெட்ரோல் போட்டுக்கொண்டு போனார்களாம், செங்குத்துப் பாறை ஓரம் தங்கப்போவதாகச் சொன்னார்களாம். மேற்கே போகிற லாரிக்காரர்களிடம் சொல்லிவிடலாம் என்றார் ஷெரில். அவர்கள் லாரி சேனலிலும் கேரவன் சேனலிலும் கூப்பிட்டுக்கொண்டே போவார்கள், யாராவது பிடித்துவிடுவார்கள்.

"என்னன்னு சொல்லணும்மா?"

"இன்வெர்ட்டர உடனே அணைக்கணும். கட்டிலத் தூக்கி, கறுப்பு வயரு பக்கம் கடைசி நட்டப் பாக்கணும். அது முறுக்கல."

"முறுக்கலயா, இல்ல முறுக்கலன்னு சந்தேகமா? சந்தேகம்னா லாரிக்காரனுங்க சிரிப்பானுங்க. அதான் கேக்கறேன்."

டார்சி வாசலில் ரொட்டித் தட்டுடன் நின்றிருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

"முறுக்கல."

"யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்களே?"

"செடூனா, டார்சி பட்டறை. ஆனா டார்சி இல்ல. அவன் பொண்டாட்டி ஹெட்டி. நான்தான் முறுக்காம விட்டவ. அப்படியே சொல்லுங்க."

"அப்படியேவா?"

"அப்படியே."

டார்சி தட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனான். ரொட்டி ஆறிப்போயிற்று. மார்னி தொப்பியைக் கழற்றிக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொப்பியைப் பார்க்க என்னால் ஆகவில்லை.

மே 12, திங்கள்

மத்தியானம் வரை ஒன்றுமில்லை. இன்று எழுதப் பயங்கள் எதுவும் தனியாக இல்லை. ஒன்றே ஒன்றுதான், அது எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

மூன்று மணிக்குமேல் கோல் பேசினார். அடுத்த பங்க்கிலிருந்து. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார்.

"ஒரு லாரிக்காரன் பின்னாலேர்ந்து ஹாரன் அடிச்சு ஓரங்கட்டறான் கண்ணு. 'பெருசு, உன் பொண்டாட்டி படுக்கைக்கு அடியில நட்டு கழண்டிருக்காம், ரோடு பூரா அதான் பேச்சு'ங்கறான். வில்மாவுக்கு மூஞ்சி செவந்துபோச்சு!"

"நட்டு?"

"ரெண்டு வெரலால சுத்தினேன், சுத்துச்சு. அந்தக் கறுப்பு வயரோட மூடி மெழுகாட்டம் ஒழுகியிருக்கு. மெத்தைக்குக் கீழ பலகை உள்ளங்கை அளவு கருகியிருக்கு. வில்மா தலைமாடு."

சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

"அவங்ககிட்ட பேசட்டுமா?"

"இப்ப வேணாம் கண்ணு. பேசமாட்டா."

டார்சியிடம் சொன்னேன். அவன் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். "நான் கோட்டத்தான் பாத்தேன். நட்டத் தொட்டுப் பாக்கல." பிறகு என் மேல்சட்டைப் பையிலிருந்து பெயிண்ட் பேனாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வில்மா தலைமாடு. தலைமாடு. தலைமாடு.

மே 15, வியாழன்

இந்த வாரம் வரவேண்டிய இரண்டு வண்டிகள் வரவில்லை. கிளப்பில் ஒருவன் கேட்டானாம்: "டார்சி, முறுக்க வேணாம், கோடு மட்டும் போடறதுக்கு என்ன ரேட்டு?" டார்சி என்னிடம் சொல்லவில்லை. அவன் தங்கை சொன்னாள்.

மே 22, வியாழன்

லோர்னாவிடம் கேட்டேன்: "திரும்பப் பாக்காதன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். அந்த ஒண்ணு நெஜமா இருந்துச்சு. அதுக்காக மத்த தொண்ணூத்தொம்பதும் நெஜம்னு ஆயிடுமா?"

"எது நெஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ எது பத்தி வாய மூடிக்கிட்டியோ அதப் போய்ப் பாரு" என்றார். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

டார்சி கட்டிலுக்கு அடி வேலையை அவனே செய்கிறான். கைமுட்டி எல்லாம் சிராய்ப்பு. நான் வயர் வெட்டுகிறேன், ஃபோன் எடுக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

வில்மாவுக்கு எழுதிய கடிதத்தை நான்காவது தடவையும் கிழித்தேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினால் அவரிடம் எதையோ கேட்பதுபோல் இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

மத்தியானம் ஒரு வெள்ளை கேரவன் வாசலில் வந்து நின்றது. பின்னால் எழுதியிருந்ததைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

கோல் இறங்கி டார்சியின் கையைக் குலுக்கினார். அந்த நட்டை அவரே அன்றைக்கு முறுக்கி, கெட்டிலைத் தொடாமல் ஓட்டியிருக்கிறார். கருகிய பலகையை மட்டும் பெர்த்தில் மாற்றினாராம். பேட்டரிப் பக்கம் வேறு யாரையும் கை வைக்க விடவில்லை வில்மா.

வில்மா இறங்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கட்டில் தூக்கியிருந்தது. விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டார்சி ஸ்பேனருடன் ஏறினான்.

"நீ வேணாம்ப்பா. அவளே பண்ணட்டும்."

"வில்மா, நான்—"

"பேசாத. மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. இன்னும் எனக்கு ராத்திரி முழிப்பு வந்தா எழுந்து பலகையத் தொட்டுப் பாக்கற பழக்கம் போகல. கோல் என்னக் கேலி பண்றான். அந்தப் பழக்கம் உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"குழந்தையக் குடு."

மார்னிக்கு இப்போது முகம் தெரியும் வயது. புது ஆள் தோளில் போனதும் உதடு பிதுங்கியது. நான் குப்புறப் படுத்தேன். எல்லா நட்டுகளையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்று. டக். அவள் அழ ஆரம்பித்தாள். இரண்டு. மூன்று. நான்காவதில் ஸ்பேனரை வைக்கும்போது அதே அலறல் — மூச்சு நின்று நின்று வருவது. என் முதுகெல்லாம் எழுந்திரு எழுந்திரு என்றது. மார்பில் பால் கசிந்து சட்டை நனைந்தது. எழவில்லை.

டக்.

"கேட்டுச்சு" என்றார் வில்மா.

கையைப் பின்னால் நீட்டினேன், பழக்கதோஷத்தில். பேனா என்னிடம் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் ஏதோ பட்டது. டார்சி பேனாவின் மூடியைக் கழற்றியே வைத்திருந்தான்.

ஒவ்வொரு நட்டையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கோட்டைப் போட்டேன். பிறகுதான் எழுந்து மார்னியை வாங்கினேன். அழுது அழுது வில்மாவின் தோளை ஈரமாக்கியிருந்தாள். அந்த நீலத் தொப்பி இப்போது அவளுக்குச் சரியாக இருக்கிறது. வில்மா அதைப் பார்த்தார்.

கிளம்புவதற்கு முன் வில்மா டீ போட்டார். கெட்டிலில் இல்லை, கேஸ் அடுப்பில். நான்கு கோப்பை.