உன் காரின் கூரை மூடிக்கொண்டது

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அக்காவுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது, வயிறு முன்னே வர அவள் பின்னே வருகிறாள், மற்றபடி ஒரு குறையும் இல்லை. உன் உடம்பும் வேலையும் அதேபோல நன்றாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

நீ எங்களிடம் விட்டுப்போன காரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். போன மாதக் கடைசியில் அதன் கூரைக் கண்ணாடி மக்கர் பண்ண ஆரம்பித்தது, பொத்தானை அழுத்தினால் மூடும், மூடிய வேகத்தில் ஒரு சாண் திறந்துகொள்ளும். மெக்கானிக் பார்த்துவிட்டு, மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி எந்த இடத்தில் நிற்கிறது என்று அதற்குச் சொல்கிற சின்ன சுவிட்ச்தான் போய்விட்டது, ஆனால் பத்து நாளைக்கு எனக்குக் கை ஒழியாது என்றார். அக்காவை டாக்டரிடம் காட்ட நாலே நாள்தான் இருந்தது, வானமோ தினமும் தூறிக்கொண்டிருந்தது. புது சுவிட்சை நானே வாங்கி வந்துவிட்டேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், என் தடி விரலுக்கு அது எங்கே அடங்கும்? இரண்டு தடவை சீட்டுக்கு அடியில் விழுந்து, அதைத் தேடியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அம்மா என்னைக் கேட்காமலே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டாள். ஐந்து மாதமாக அவர் நம் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை என்பதை உன்னிடம் மறைத்திருந்தோம். தப்பு என்மேல்தான். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து தருகிறாரே, அதெல்லாம் ஒரு வேலையா என்று நாலு பேர் முன்னால் வாயை விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அக்காவை வாசலில் இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவார், நானும் வீம்புக்குச் சும்மா இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவையும் அழைத்துக்கொண்டு தன் வேலைப் பெட்டியோடு வந்தார். என்னோடு ஒரு பேச்சு இல்லை. பேட்டரி வயரைக் கழற்றினார், உள்விளக்கின் மூடியை எடுத்தார், இடுக்கியால் பழைய சுவிட்சை உருவிப் புதியதை மாட்டினார். நான் பக்கத்து சீட்டில் சாய்ந்து டார்ச் பிடித்தேன். வயரை மாட்டி அழுத்திப் பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி, மறுபடியும் திறந்துகொண்டது. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டு அவர் வெகுநேரம் பார்த்தார். பல்சக்கரத்தில் ஒரு கோடு இருக்கிறது, கூரை முழுசாக மூடியிருக்கும்போது அது சுவிட்சுக்கு நேராக நிற்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மோட்டாரில் திருகுசாவி போட்டுக் கையாலேயே திருகித் திருகிக் கண்ணாடியை மூடி, அந்தக் கோட்டைச் சுவிட்சுக்கு நேராக நிறுத்தினார். அந்தப் பொறுமையைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பேரும் அண்ணாந்து கிடந்தோம், முகம் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அன்னைக்கு நான் பேசினது தப்பு மாப்பிள்ளை."

அவர் சாவியை இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். பிறகு, "லைட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க மாமா" என்றார்.

அந்த 'மாமா'வைக் கேட்டு ஐந்து மாதமாயிற்று. நான் அவசரமாகத் திருப்பிய வெளிச்சம் அவர் கண்ணிலேயே விழ, அவர் சிரித்துவிட்டார். இந்தத் தடவை கூரை மூடியது, மூடியபடியே நின்றது. அக்கா வந்து ஏழெட்டுத் தடவை திறந்து மூடி, போதும் விடு, புது சுவிட்சும் போய்விடப் போகிறது என்று அம்மாவிடம் திட்டு வாங்கினாள். மாப்பிள்ளை உள்ளே வந்து சாப்பிட்டார், அம்மா அவரை எழுந்திருக்கவே விடவில்லை. டாக்டரிடம் எல்லோருமாகத்தான் போனோம், வழி முழுக்கக் கொட்டித் தீர்த்தது, உள்ளே ஒரு சொட்டு இல்லை. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், இன்னும் பதினைந்து நாள் என்றார் டாக்டர். பிரசவம் வரை அக்காவும் மாப்பிள்ளையும் நம் வீட்டில்தான், உன் அறையைக் கொடுத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே.

நீ நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம். லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, நாளைக்கு என்று தள்ளாதே.

இப்படிக்கு,
பதினைந்து நாளில் தாத்தா ஆகப்போகும்
உன் அப்பா